மாமாவின் காருக்கு டிஸ்க் பிரேக்

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஆம்பளைகளை அவரவர் கம்பெனி செய்யும் சாமானை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். எதிர் வீட்டு அண்ணன் 'கண்ணாடி'. கார் சீட்டுக்கு உறை தைக்கும் இடத்தில் இருந்தவர் 'சீட்டு'. மூலை வீட்டுக்காரர் வேலையை விட்டுக் கறிக்கடை வைத்து வருஷக்கணக்கான பிறகும் 'டயர்'தான். "டயர் கடைல அரை கிலோ வாங்கினு வா" என்று அம்மா அனுப்பும்போது எனக்கு அதில் ஒரு விநோதமும் தெரிந்ததில்லை. என் அப்பாவுக்கு 'பிரேக்கு' என்று பெயர். நான் பிரேக்கு பொண்ணு.

எனக்கு அதில் பெருமை உண்டு. சாலையில் டிரெய்லர் லாரிகள் புதுக் கார்களை இரண்டடுக்காக அடுக்கிக்கொண்டு போகும்போது, அத்தனை காரும் நிற்பது என் அப்பாவால்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கம்பெனியில் ஒரு முறை குடும்பத்தோடு வரச் சொல்லி, தலைக்கு மஞ்சள் தொப்பியும் கைக்கு ஒரு லட்டும் கொடுத்து, தரையில் போட்டிருந்த பச்சைக் கோட்டைத் தாண்டாமல் சுற்றிக் காட்டினார்கள். அப்பா நிற்கும் இடத்தையும் பார்த்தேன். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஓர் இரும்பு வாய் உண்டு, காலிப்பர் என்பார்கள். அது வரிசையில் அப்பா முன்னால் வந்து நிற்கும். அதன் தலையில் ஒரு சின்னத் திருகை முடுக்கி, திருகுக்கு ஒரு ரப்பர் தொப்பி மாட்டுவார். அது போய்விடும், அடுத்தது வரும். "அவ்ளோதானா?" என்று கேட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "அவ்ளோதான்" என்றார் அப்பா.

ஷிப்டு வாரா வாரம் மாறும். சின்ன வயதில் அப்பாவின் முகத்தைவிட அவர் முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கும் முதுகு. எங்கள் வீட்டில் டி.வி. சத்தமில்லாமல்தான் ஓடும். யார் யாரை எதற்காக அழவைக்கிறார்கள் என்று வாயசைவைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் அம்மாவுக்கு எப்படியோ தெரியும், அதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிடுவாள். எங்கள் வீட்டுப் பருப்பு பாதி நாள் வேகாமல்தான் இருக்கும். எனக்கு அலுப்பாக இருக்கும். மற்ற வீடுகளில் எல்லாம் கத்திப் பேசுகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இந்தப் பிழைப்பு என்று எரிச்சல் வரும்.

இந்த நிலைமையில்தான் மாமா ஒரு பழைய அம்பாசடரோடு வந்து சேர்ந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒரகடத்தில் காண்ட்ராக்டில் இருந்தார். காண்ட்ராக்ட் முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். கொஞ்ச நாள் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் தெருமுனையில் வெள்ளையாக, வயிறு பெருத்து, அந்த வண்டி வந்தது. "புதுக் காரு இந்த ஏரியால எல்லார்கிட்டயும் கீதுக்கா. கல்யாணத்துக்குப் பழைய காருதான் கெத்து. பொண்ணையும் மாப்பிள்ளையும் ஏத்திகினு போனா போட்டோல தூக்கினு நிக்கும்" என்றார். இதை அவர் சொன்னது டயர் கடை வாசலில். எங்கள் வாசலில் நிறுத்தத்தான் மிதித்தார், வண்டி அங்கே போய்த்தான் நின்றது. கடைப் பந்தலின் ஒரு கால் சாய்ந்துவிட்டது.

அந்த வண்டிக்கு நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. திரும்பத் திரும்ப மிதித்தால் மனசு வந்து நிற்கும். மிதித்த காலை எடுத்தால் பெடல் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும், தெருநாய்கள் எழுந்து நிற்கும். மாமா கிரீஸ் வைத்துப் பார்த்தார், தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார். சத்தம் போகவில்லை.

வண்டியின் லட்சணம் தெரிவதற்கு முன்னால் அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலையில் இருந்தாள். அங்கே கூட வேலை பார்த்த படப்பைக்கார அத்தை ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். "என் தம்பி காரு கீது, பொண்ணழைப்புக்கு அதுலயே கூட்டினு போயிடலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்த அத்தையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பெண்ணழைப்பு என்றால் எங்கள் பக்கத்தில் முன்னால் பேண்டு, அதற்குப் பின்னால் ஆட்டம், ஆட்டத்துக்குப் பின்னால் பெண் உட்கார்ந்த கார். ஆடுகிறவர்கள் பம்பரை உரசிக்கொண்டுதான் ஆடுவார்கள். தள்ளி ஆடுங்கடா என்று சொன்னால் அன்றைக்குச் சண்டைதான்.

"புள்ளைங்க வண்டிக்கு முன்னாடி ஆடிக்கினு வரும்டா. நீ இன்னாடான்னா வூட்டாண்ட மிதிச்சி டயர் கடையாண்ட நிறுத்தற" என்றாள் அம்மா.

"முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுட்டா முடிஞ்சிது. இதே வண்டில அப்புறம் வந்த மாடலுக்கு டிஸ்க் இருந்திச்சி. புதுப்பேட்டைல சாமான் கெடைக்கும். மாட்டறதுக்கு மெக்கானிக் எதுக்கு? மாமாவே பிரேக்கு கம்பெனிதான?" என்றார் மாமா.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் நைட் ஷிப்டுக்குப் போகும் முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோர் சோற்றை முடித்து, தட்டைக் கழுவி வைத்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கெழமை பாக்கலாம்" என்றார். தனக்குத் திருகு முடுக்க மட்டும்தான் தெரியும், ஒரு காலிப்பர் காரில் மாட்டப்படுவதை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். தெருவே பிரேக்கு என்று கூப்பிடும் மனுஷனுக்கு அது வாயில் வருவது கஷ்டம்தான். பக்கத்தில் நான் வேறு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

அம்மா மட்டும் கறாராக ஒன்று சொன்னாள். "நீங்க பாத்து சரின்னு சொன்னாதான் வண்டி படப்பைக்குப் போவும். இல்லன்னா வேற வண்டி பாத்துக்கோங்கன்னு நான் அவங்களுக்குப் போன் பண்ணிடறேன். நான் அசிங்கப்பட்டா பரவால்ல."

சனிக்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பா வீட்டுக்குள் வரவில்லை. யூனிபார்ம் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு நேராக வண்டிக்கு முன்னால் குந்திவிட்டார். அந்த வாரம் முழுக்க நைட், இடையில் ஓவர்டைம் வேறு பார்த்திருந்தார். கண் சிவந்து, ரோமம் முளைத்த முகம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் பெண்ணழைப்பு, அன்றைக்கும் அவரை செகண்ட் ஷிப்டு வரச் சொல்லியிருந்தார்கள். இருந்த ஒரே நாள் அதுதான்.

மாமாவும் அவருமாக ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைக் கழற்றினார்கள். டிரம்மை எடுத்தார்கள். மாமா சாக்கிலிருந்து தட்டுகளையும் காலிப்பர்களையும் பெடலுக்குச் சேர்ந்த சிலிண்டரையும் எடுத்து வைத்தார். காலிப்பர்களின் முதுகில் எல், ஆர் என்று இங்கிலீஷ் எழுத்து வார்த்திருந்தது. அப்பா காரைப் பார்த்தபடி குந்தி, எழுத்தைத் துடைத்துப் படித்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் மாட்டினார். மாட்டும்போது ஒரு முறை கையை நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடுக்கிவிட்டார். வேலை மளமளவென்று நடந்தது. பூ அலங்காரத்துக்குச் சொல்ல வேண்டும் என்று மாமா ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணக் காருக்குப் பூ முக்கியம், பிரேக்கை அவர் மாமா, அதாவது என் அப்பா, பார்த்துக்கொள்வார்.

மீதி இருந்தது காற்று எடுப்பதுதான். பிரேக் குழாயில் இருக்கும் எண்ணெய்க்குள் காற்று மாட்டிக்கொண்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தருகே இருந்து, கம்பெனியில் அப்பா முடுக்குகிற அதே திருகைத் திறந்து காற்றை விட வேண்டும். மிதிப்பதற்கு ஆள் நான். டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதித்தால்தான் எனக்குக் கால் எட்டும்.

"அழுத்துன்னா அழுத்து. அப்பிடியே புடிச்சிக்கோ. நான் விடுன்னு சொல்றவரைக்கும் காலை எடுக்கக் கூடாது. எடுத்தீன்னா காத்து திரும்பி உள்ள பூந்துடும். செஞ்சதெல்லாம் வேஸ்டு" என்றார் அப்பா.

அழுத்து. புடி. அப்பா திருகைத் திறந்து மூடுவார். விடு. நான் காலை எடுத்ததும் பெடல் கிறீச்சென்னும். மறுபடி அழுத்து. திருகில் மாட்டிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் விட்டிருந்த ரப்பர் குழாயில் முதலில் குமிழ் குமிழாக வந்தது. கொஞ்ச நேரத்தில் குமிழ் நின்று வெறும் எண்ணெய் வந்தது. அப்படியென்றால் முடிந்தது என்று அர்த்தம். அப்பா வந்து மிதித்துப் பார்த்தார். பெடல் பஞ்சாகவே போனது. திரும்ப ஆரம்பித்தோம். இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம், பிறகு மறுபடி இந்தப் பக்கம். குமிழ் ஒன்றுகூட வரவில்லை, பெடலும் இறுகவில்லை. நான் மிதிக்கிற லட்சணம்தான் இதற்குக் காரணம் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து மிதித்தேன். வெயில் ஏறிவிட்டது. அப்பாவின் குரல் வரவரச் சின்னதாகிக்கொண்டே வந்தது. கண்ணாடி அண்ணன் பைக்கில் போகிற போக்கில் "இன்னாண்ணே, பிரேக்கு கம்பெனிக்கே பிரேக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா சிரித்தார். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிரித்த மாதிரி இருந்தது.

"அழுத்து" என்றார். அழுத்தினேன். "புடி" என்றார். பிடித்தேன். விடு என்ற குரல் வரவில்லை.

இன்னும் காற்று வருகிறது போலிருக்கிறது என்று பிடித்துக்கொண்டேயிருந்தேன். தொடை நடுங்க ஆரம்பித்தது. திறந்திருந்த கதவு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். அப்பா சக்கரம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்து, தலையை வண்டியில் சாய்த்திருந்தார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. கண் மூடியிருந்தது. யோசிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வாய் திறந்துகொண்டது.

அந்த நேரத்தில் அம்மா கேன்டீனிலிருந்து வந்தாள். சனிக்கிழமை அரை நாள். கையில் பை, தலையில் இன்னும் எடுக்காத துணித் தொப்பி. அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் விரலை உதட்டில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என்னிடம் குனிந்தாள். நான் அவள் காதில், "அப்பா விடுன்னு சொல்லல. காலை எடுத்தா காத்து பூந்துடும். எனக்கு முடியலமா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா தலையை ஆட்டினாள். கதவுப் பக்கமாக என்னோடு ஒண்டி உட்கார்ந்து, தன் காலை என் காலுக்கு மேல் வைத்து அழுத்திக்கொண்டு, என் காலை அடியிலிருந்து உருவச் சொன்னாள். வெடிப்பு விழுந்த அவள் குதிகால் சொரசொரவென்று என் பாதத்தில் உரசியது நினைவிருக்கிறது.

நான் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துகொண்டேன். அம்மா பெடலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டயர் என்னவோ கேட்க வந்தார், கையை ஆட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள். காக்கா ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு வேலியில் உட்கார்ந்ததற்கும் அதே கையாட்டல்தான். அவள் காலும் என் கால் மாதிரியே நடுங்க ஆரம்பித்தது. கை கொடுத்து முழங்காலை அமுக்கிக்கொண்டாள், காலை எடுக்கவில்லை. அம்மாவுக்கும் பிரேக் வேலை தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரொம்ப நேரம் அப்படி இருந்தோம். நானே கொஞ்சம் தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஏதோ ஒரு கம்பெனி பஸ் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்பா திடுக்கிட்டு எழுந்தார். "பஸ்சு வந்துட்டுதா?" என்றார். "இல்ல. இன்னிக்கு லீவு" என்றாள் அம்மா. அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அம்மாவின் காலைப் பார்த்தார். "விடு" என்றார் மெதுவாக. அம்மா காலை எடுத்தாள். பெடல் கிறீச்சென்றது.

சாயங்காலமாக மாமா வந்தார். மிதித்துப் பார்த்தார். "முன்னிக்கு இது தேவல மாமா. ரெண்டு மூணு தடவ அடிச்சி மிதிச்சா நின்னுடும். இது போதும், அக்காகிட்ட சரின்னு சொல்லிடு" என்றார். அம்மா வாசற்படியில் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் கையிலேயே இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் அப்பா போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்த ஆசை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"லெஃப்ட்ட மட்டும் இன்னொரு தபா பாத்துடறேன். பாப்பா, ஏறு" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் போய்க் குந்தினார், என் வலது கைப்பக்கம்.

"அப்பா, லெஃப்ட்டு அந்தப் பக்கம்" என்றேன். பள்ளியில் அப்போது விளையாட்டு விழாவுக்கு லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டிருந்தோம். அதில் நான் ரொம்பக் கறார்.

"இல்லம்மா, இதான் லெஃப்ட்டு."

"நீ ரைட்டுல கீறப்பா."

அப்பா எழுந்து வந்தார். "நவுரு" என்றார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அவர் ஒரு காரின் அந்த சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கை காட்டிய சக்கரத்தைப் பார்த்தார்.

"உள்ள உக்காந்து பாத்தா இந்தப் பக்கம்தான் லெஃப்ட்டா" என்றார், யாரிடம் என்றில்லாமல். "நான் எப்பவும் எதிர்ல நின்னுகினுதான பாத்துகினு கீறேன்."

இறங்கிப் போய் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கம் மாறியதால் திருகு காலிப்பரின் அடியில் இருந்தது. காற்று மேலே போய் நின்றுகொள்ளும், அடியில் திறந்தால் எண்ணெய் மட்டும்தான் வரும். கம்பெனியில் அந்தத் திருகு வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவர் முன்னால் வரும். "மாட்டும்போதே பாத்தேன். பழைய மாடல்ல இப்பிடித்தான் போலன்னு வுட்டுட்டேன்" என்றார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றினார்கள். அழுத்து, புடி, விடு. குமிழ் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் என் காலுக்குக் கீழே பெடல் கல்லாக நின்றது. வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போய் வந்தார்கள். இந்தத் தடவை மாமா எங்கள் வாசலில் நிறுத்தத்தான் மிதித்தார், எங்கள் வாசலிலேயே நின்றது.

"சரி, போவட்டும்" என்றார் அப்பா அம்மாவிடம். சாப்பிடக்கூடச் செய்யாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

மறுநாள் படப்பையில் பெண்ணழைப்பு. நானும் அம்மாவும் காரிலேயே போனோம். பேண்டுக்கு ஆடிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் பின்னாலேயே ஆடி வந்து, வேட்டி தடுக்கி, வண்டிக்கு முன்னால் மல்லாக்க விழுந்தான். மாமா மிதித்தார். வண்டி அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது. பெண்ணின் தலை முன் சீட்டில் இடித்து, ஜடையில் வைத்திருந்த பூ பாதி கொட்டியது. விழுந்தவன் எழுந்து பம்பரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மறுபடி ஆடப் போனான். படப்பைக்கார அத்தை ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்துக்குப் போனதும் மாமா, பிரேக்கு கம்பெனிக்காரருக்கு லெஃப்ட்டு ரைட்டு தெரியாத கதையைப் பந்தியிலேயே அவிழ்த்துவிட்டார். சாப்பிட்டவர்களுக்குப் புரையேறியது. அப்பா அங்கே இல்லை, செகண்ட் ஷிப்டில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்டுபிடித்தது நான் என்று வேறு எல்லாருக்கும் சொன்னேன். அம்மா எழுந்து கை கழுவப் போனாள்.

இப்போது நானும் ஒரகடத்தில் ஷிப்டு வேலைதான் பார்க்கிறேன். நைட் முடிந்து வந்து படுத்தால் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் மண்டைக்குள் சுற்றும். போன மாதம் அப்படி ஒரு நாள் தூக்கம் கெட்டு எழுந்து, அம்மாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. அன்றைக்கு வண்டியின் கதவருகே தலையை நீட்டிப் பார்த்தபோது பாட்டிலில் விட்டிருந்த குழாயையும் பார்த்திருந்தேன். எண்ணெய் வரவில்லை. அப்பா திருகை மூடிவிட்டு, விடு என்று சொல்வதற்குள் தூங்கிப்போயிருக்கிறார். மூடிய பிறகு காற்று போக வழி கிடையாது. காலைத் தாராளமாக எடுத்திருக்கலாம்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நீ சும்மாவே அவ்ளோ நேரம் மிதிச்சிகினு இருந்தம்மா. பிரேக்குக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"பிரேக்க பத்தி எனக்கு இன்னாடி தெரியும்?" என்றாள் அம்மா. "காலை எடுத்தா அந்தப் பெடலு கத்தும். அவரு எழுந்துக்குவாரு."